அந்தக் கூகையை விரட்ட வேண்டாம்

அன்பு மகள் மலருக்கு,

இங்கே எல்லோரும் நலம். அம்மாவின் கால்வலி பரவாயில்லை.

உங்கள் அபார்ட்மென்டில் தண்ணீர்த் தொட்டிக்கு அடியில் இருக்கும் ஆந்தையை ஆள் வைத்து விரட்டப் போவதாகச் சொன்னாயே, அதைக் கொஞ்சம் தள்ளிப்போடச் சொல். வெள்ளை முகம், கறுப்புக் கண் என்றால் அது கூகை. ராத்திரியில் சீறுவது பாம்பு இல்லை, குஞ்சுகள் இரை கேட்கிற சத்தம். நம் வயலில் எலிக்காக நட்டு வைப்போமே குச்சி, அதில் வந்து உட்காருவதும் இதுதான். எலி பிடிக்கக் கிட்டி (பொறி) வைக்கிறவருக்குக் கூலி கொடுக்கிறோம், இது சும்மாவே ராத்திரிக்கு மூன்று நான்கு எலியைத் தூக்கிவிடுகிறது.

அதற்குக் காதுதான் எல்லாம். இரண்டு காதுத் துளையும் ஒரே மட்டத்தில் இருக்காது, ஒன்று சற்று மேலே. சத்தம் எந்தக் காதில் முந்துகிறது என்பதில் இடமா வலமா என்று பிடித்துவிடும். எந்தக் காதில் பலமாக விழுகிறது என்பதில் மேலா கீழா என்று தெரிந்துவிடும். அந்தத் தட்டை முகம் ஒலியைத் திரட்டிக் காதுக்கு அனுப்பத்தான். அமெரிக்காவில் ரோஜர் பெய்ன் என்பவர் கும்மிருட்டு அறையில் விட்டுப் பார்த்தார், அப்போதும் எலியைப் பிடித்தது. எலி அளவுக்குக் காகிதத்தைச் சுருட்டிச் சருகில் இழுத்தால் அதன் மேலும் பாய்ந்ததாம்!

கண்ணைக் குழிக்குள் உருட்ட முடியாது. அதனால்தான் கழுத்தை அப்படித் திருப்புகிறது, 270 டிகிரி வரை. நமக்குக் கழுத்தெலும்பு 7, அதற்கு 14.

மாடியில் இறகு கிடந்தால் எடுத்துப் பார். இறக்கையின் முன்னோர இறகில் சீப்புப் பல் மாதிரி நுனிகள் இருக்கும், மேலே வெல்வெட் மெத்தென்று. காற்று கிழிபடும் சத்தமே வராது. கறுப்பு உருண்டைகள் கிடந்தால் எச்சம் என்று அருவருக்காதே; செரிக்காத மயிரையும் எலும்பையும் கக்கியது அது. தண்ணீரில் ஊறவைத்துப் பிரித்தால் எலி மண்டையோடு முழுசாகக் கிடைக்கும். பேரனுக்குக் காட்டு, கையை மட்டும் நன்றாகக் கழுவச் சொல்.

கூகை கத்தினால் சாவு விழும் என்கிறவர்களிடம் வாதாடாதே, நேரம்தான் வீண். செயலாளரிடம் மட்டும் பேசு: 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி கூட்டைக் கலைப்பது குற்றம். குஞ்சுகள் பொரித்து இரண்டு மாதத்தில் பறந்துவிடும், அப்புறம் வலை அடித்துக்கொள்ளட்டும். அதுவரை கீழே எலி மருந்து வைக்க வேண்டாம். மருந்து தின்ற எலியைத் தின்றால் இதுவும் செத்துப்போகும்.

அன்புடன்,
அப்பா