தொகையை எழுதி அனுப்பு

குடியாத்தம்

அன்புள்ள பாப்பாவுக்கு அம்மா எழுதுவது.

இங்கே எல்லோரும் நலம். வேளைக்குச் சாப்பிடு. எந்த வேலைக்கும் முன்பணம் வாங்காமல் கேமராவைத் தூக்காதே.

நான் பீடி சுற்றப் பழகியபோது தகடு வைத்து வெட்டிய இலையில் பாதி வீணாகும். உன் ஆயா திட்டிக்கொண்டே பிரித்துச் சுற்றுவாள். அப்போது நான் கூலி கேட்கவில்லை. என் கட்டுகளில் ஒன்றையும் கழிக்காமல் கடையில் எடுத்துக்கொண்ட நாளிலிருந்து, ஆயிரத்துக்கு இவ்வளவு என்று என் பெயரில் கணக்கு எழுதினார்கள். பழகும் காலம் அன்றோடு முடிந்தது.

உனக்கும் முடிந்துவிட்டது. வைகாசி முதல் நாள் கெங்கையம்மன் சிரசு ஊர்வலத்தில் நீ எடுத்த படங்கள் உனக்காக எடுத்தவை. அவை சரியாக வராமல் போயிருந்தாலும் யாருக்கும் நஷ்டமில்லை. தாலி கட்டுவது அப்படியா? ஒரே ஒரு தரம். வேறு ஆளை வைக்காமல் உன்னை நம்பி ஒருவர் கூப்பிட்டால் நீ தொழில்காரி. அவர் சொந்தக்காரராக இருந்தாலும் அப்படித்தான். படம் எடுக்க எடுக்கக் கேமராவின் ஷட்டர் தேயும், அதற்கும் ஆயுள் உண்டு என்று நீதானே சொன்னாய். முன்பணம் வாங்கிக்கொள்.

மாமா வீட்டுக் கல்யாணத்தில் லென்ஸை வாடகைக்கு எடுத்து வந்து இரண்டு நாள் நின்றாய். மாப்பிள்ளை வீட்டார்கூட ஆல்பத்தைப் பார்த்து யார் எடுத்தது என்று கேட்டார்கள். என் மகள் என்றேன். எவ்வளவு பெருமையாக இருந்தது தெரியுமா! அதற்காக ஒரு மாதம் போன் செய்யாமல் இருப்பது நியாயமா?

நியாயம்தான். மாமா கவரை நீட்டியபோது, "அவள் இப்போதுதான் பழகுகிறாள், பணம் எதற்கு?" என்று தள்ளியது நான். பந்தியில் இருந்த உனக்கு அது கேட்டிருக்கும். உன் கல்லூரிக் கட்டணத்துக்காக அவனிடம் வாங்கிய கடன் இன்னும் தீரவில்லை, பாப்பா. வட்டி கேட்டு அவன் வாய் திறந்ததில்லை. அந்தக் கூச்சத்தில் உன் இரண்டு நாள் உழைப்பை எடுத்து அவனுக்குக் கொடுத்துவிட்டேன். உன்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஆயிரத்துக்குப் பத்து ரூபாய் குறைத்தாலே சண்டைக்குப் போகிறவள் நான்.

ஞாயிற்றுக்கிழமை காட்பாடிக்குப் போய், நான் சொன்னது தவறு என்று அவனிடம் சொல்லப் போகிறேன். கடன் வேறு, இது வேறு. லென்ஸ் வாடகையோடு சேர்த்து எவ்வளவு என்று எழுதி அனுப்பு. குறைத்து எழுதாதே.

அம்மா