கீசர் மாட்டப் போகும் சுவர்: கிருஷ்ணகிரி மாவட்டக் கட்டட மேஸ்திரிகளுக்கு ஒரு திறந்த மடல்

மேஸ்திரி அண்ணன்களுக்கு வணக்கம்.

ஓசூரிலும் கிருஷ்ணகிரியிலும் இப்போது எங்கு பார்த்தாலும் ஹாலோ பிளாக் (உள்ளே குழியுள்ள சிமென்ட் கல்) சுவர்தான். விலை குறைவு, வேலையும் சீக்கிரம் முடிகிறது. அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் நீங்கள் கணக்கு முடித்துப் போன பிறகு, அதே சுவரில்தான் பிளம்பர் கீசரை மாட்டுகிறார். ஓசூர்க் குளிருக்கு அது இல்லாமல் முடியாது. 25 லிட்டர் கீசர் என்றால் தண்ணீர் மட்டுமே 25 கிலோ, தொட்டியின் எடை தனி. அத்தனையும் தொங்குவது, துளைக்குள் விரிந்து பிடிக்கும் சில ஆங்கர் போல்ட்டுகளில். கல்லின் மெல்லிய வெளிப்பக்கத்தைத் தாண்டினால் உள்ளே வெற்றிடம். போல்ட் விரிந்து எதைப் பிடிக்கும்? மாட்டிய அன்று ஆடாமல் நிற்பதை வைத்து எதுவும் சொல்ல முடியாது.

அதனால் கட்டும்போதே வீட்டுக்காரரிடம் கேளுங்கள்: கீசர் எங்கே, வாஷ்பேசின் எங்கே, பெரியவர்கள் பிடித்து எழும் கைப்பிடி எங்கே? அந்த இடங்களில் மட்டும் கல்லின் குழிகளைக் கான்கிரீட்டால் நிரப்பிவிடுங்கள். சுவரில் தொங்கும் வெஸ்டர்ன் டாய்லெட்டுக்கு இது இன்னும் முக்கியம். 400 கிலோ தாங்கும் என்று சொல்லி விற்பது உள்ளே வைக்கும் இரும்புச் சட்டத்தை. பின்னால் இருக்கும் சுவருக்கு அந்த உத்தரவாதம் கிடையாது.

அப்புறம் ஒரு போட்டோ. பைப்பும் ஒயரும் பதித்த பின், பூசுவதற்கு முன், அளவு டேப்பைச் சுவரில் வைத்து நான்கு பக்கமும் போனில் எடுத்து வீட்டுக்காரருக்கு அனுப்புங்கள். நாளைக்கு டவல் கம்பி மாட்ட வருகிற பையன் எங்கே துளை போடக்கூடாது என்று அதைப் பார்த்துத் தெரிந்துகொள்வான். போட்டோ இல்லாவிட்டால், சுவிட்ச் பெட்டிக்கும் குழாய்க்கும் நேர் மேலேயும் கீழேயும் துளை போட வேண்டாம். பாத்ரூம் லைனின் எம்சிபியை (மெயின் பெட்டியில் உள்ள அந்த லைனின் சுவிட்ச்) அணைத்துவிட்டுத்தான் வேலை.

இன்னொரு பழக்கம் எனக்குச் சுத்தமாகப் பிடிக்காதது: பிளக் இல்லாத ஒயரைச் சாக்கெட்டில் செருகித் தீக்குச்சியால் இறுக்கி, ஈரத்தரையில் வெறுங்காலோடு டிரில்லிங் மிஷினைப் பிடிப்பது. பிளக் போட்ட ஒயர், காலில் செருப்பு, கண்ணுக்குக் கண்ணாடி, 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (கரண்ட் கசிந்தால் உடனே துண்டிக்கும் சுவிட்ச்) உள்ள லைன். இதற்குக் குறைந்து யாரையும் உள்ளே விடாதீர்கள்.

கீசரின் சேஃப்டி வால்வு சொட்டுகிறது என்று அதன் வாயை அடைக்கும் பிளம்பரையும் கொஞ்சம் கண்டியுங்கள். அழுத்தம் வெளியேற அந்த வழியாவது திறந்திருக்கட்டும். உப்பு போர் தண்ணீர் என்றால் உப்பு படிந்து அடைக்கும்; அந்த வால்வை அவ்வப்போது கழற்றிப் பார்க்கவும் சொல்லுங்கள்.

கூடுதல் கான்கிரீட்டையும் அதற்கான கூலியையும் கொட்டேஷனிலேயே தனி வரியாகப் போடுங்கள். வீட்டுக்காரர் பேரம் பேசினால் டைல்ஸ் விலையில் பேசிக்கொள்ளட்டும்.

இப்படிக்கு,
உங்கள் ஊரில் வீடு கட்டிக்கொண்டிருப்பவன்