'ரீசெட் செய்து பாருங்கள்' என்று ஐந்தாவது தடவையும் எழுதாதீர்கள்

பெறுநர்: வாடிக்கையாளர் சேவைப் பிரிவு

பொருள்: மியூசிக் ப்ளேயரில் தமிழ்ப் பெயர்கள் சிதைவதும், கேட்டு நிறுத்திய இடம் மறந்துபோவதும், இன்னும் சிலவும்

வணக்கம்.

இது நான் உங்களுக்கு எழுதும் ஐந்தாவது கடிதம். முந்தைய நான்குக்கும் ஒரே பதில்தான் வந்தது, ஒரு கமாகூட மாறவில்லை: "சாதனத்தை ஃபேக்டரி ரீசெட் செய்து பார்க்கவும்." செய்தேன். நான்கு தடவையும் செய்தேன். முதல் தடவை உள்ளே ஏற்றி வைத்திருந்ததெல்லாம் அழிந்துபோனது, ஏனென்றால் ரீசெட் செய்தால் உள் மெமரியும் காலியாகும் என்று உங்கள் பதிலிலும் இல்லை, மெனுவிலும் இல்லை, கையேட்டிலும் இல்லை. நல்லவேளை, கணினியில் ஒரு பிரதி வைத்திருந்தேன். அதனால் இந்த முறை கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன். தயவுசெய்து முழுக்கப் படிக்கப் பொறுமை உள்ள ஒருவரிடம் கொடுங்கள், முடிந்தால் ப்ளேயருக்குள் ஓடுகிற மென்பொருளை, அதாவது ஃபர்ம்வேரை, எழுதுகிறவரிடமே.

எதற்காக வாங்கினேன் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன், அப்போதுதான் மற்றது புரியும். என் அப்பாவுக்கு 78 வயது. போன் இருக்கிறது, ஆனால் அதில் எதையாவது கேட்க உட்கார்ந்தால் நடுவில் யாராவது கூப்பிடுகிறார்கள், ஏதாவது 'டிங்' என்கிறது, விரல் தவறிப்பட்டு வேறெங்கோ போய்விடுகிறது. அவருக்கு வேண்டியது தடவிப் பார்த்தே அழுத்துகிற மாதிரி நிஜப் பட்டன் வைத்த ஒரு சின்னப் பெட்டி. உங்கள் ப்ளேயரில் அது இருக்கிறது. ஒலியும் நன்றாக இருக்கிறது, புகார்க் கடிதம் என்பதற்காக இதை மறைக்கப் போவதில்லை. கண்ணை மூடிக்கொண்டே ஒலியைக் கூட்டிக் குறைக்கிறார். பொருளைச் செய்தவர்கள் நன்றாகத்தான் செய்திருக்கிறார்கள், அதற்குள் ஓடுகிற மென்பொருளைத்தான் யாரோ அரைகுறையாக விட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள்.

அதில் போட வேண்டியது பாட்டு மட்டும் இல்லை. என் அப்பத்தா சொன்ன கதைகளை அப்பா அந்தக் காலத்திலேயே கேசட்டில் பதிந்து வைத்திருந்தார். மொத்தம் 14 கேசட், எல்லாமே 90 நிமிடக் கேசட், பக்கத்துக்கு 45 நிமிடம். கேசட்டை அவசரப்படுத்த முடியாது இல்லையா, ஓடவிட்டுத்தான் கணினியில் பதிய வேண்டும், ஆக 21 மணி நேரம். ராத்திரி ராத்திரியாக உட்கார்ந்து அதைச் செய்து, 28 கோப்பாக்கி, ஒவ்வொன்றுக்கும் தமிழில் பெயர் போட்டு, கூடவே அப்பாவின் பழைய பாட்டுகள் 2,000 சொச்சத்தையும் சேர்த்துக்கொண்டு உங்கள் பெட்டியைத் திறந்தேன். அட்டையில் பெரிதாக "எடுத்தவுடன் பயன்படுத்தலாம்" என்று போட்டிருந்தது. எடுத்து மூன்று வாரம் ஆகிறது.

கார்டு விஷயத்தைச் சுருக்கமாகவே சொல்கிறேன். 128 ஜிபி வரை மெமரி கார்டு ஏற்கும் என்கிறீர்கள். புதுக் கார்டைச் செருகினால் "கார்டு இல்லை" என்கிறது. 32 ஜிபிக்கு மேற்பட்ட கார்டுகள் கடையிலிருந்து வரும்போதே எக்ஸ்ஃபேட் என்ற கோப்பு அடுக்கும் முறையில்தான் ஃபார்மட் ஆகி வருகின்றன, உங்கள் ப்ளேயருக்கோ ஃபேட்32 என்ற பழைய முறை மட்டும்தான் தெரியும். சரி, மாற்றலாம் என்று பார்த்தால் என் கணினியில் இருக்கும் விண்டோஸ் 32 ஜிபிக்கு மேல் ஃபேட்32 போட மாட்டேன் என்கிறது. தனியாக ஒரு மென்பொருள் தேடி இறக்கி மாற்றினேன். கையேட்டில் ஒரே ஒரு வரி எழுதியிருந்தால் ஒரு மாலைப்பொழுது மிச்சமாகியிருக்கும். (128 ஜிபி கார்டு 119 என்று காட்டுவதற்கு உங்களைக் குறை சொல்லவில்லை. கார்டு செய்கிறவர்கள் ஆயிரம் ஆயிரமாகப் பெருக்குகிறார்கள், சாதனம் 1,024 என்று கணக்குப் போடுகிறது, அவ்வளவுதான்.)

இப்போது முக்கியமான விஷயம். அட்டையின் பின்பக்கம் நீங்கள் ஆதரிப்பதாகச் சொல்லும் மொழிகளின் பட்டியலில் தமிழும் இருக்கிறது. அதை நம்பித்தான் வாங்கினேன். முதலில் ஏற்றியபோது எந்தப் பெயரும் தெரியவில்லை, தலையில் கோடு போட்ட ஆங்கில 'ஏ' எழுத்தும், வட்டத்துக்குள் 'ஆர்' போட்ட வணிக அடையாளமும்தான் வரிசை வரிசையாக வந்தன. 'ம' என்ற ஒற்றை எழுத்துக்கு ஒரு 'ஏ', இரண்டு 'ஆர்'. அப்பத்தா கதையை ஏதோ கம்பெனி தன் பெயரில் பதிவுசெய்துகொண்டது போல இருந்தது. காரணத்தைத் தோண்டியதில் தெரிந்தது இது: கோப்புக்குள்ளேயே தலைப்பை எழுதிவைக்கிற ஐடி3 டேக்கை நான் 2.4 பதிப்பில், யூடிஎஃப்-8 என்ற எழுத்துக் குறியீட்டு முறையில் சேமித்திருந்தேன். அதில் ஒரு தமிழ்க் குறிக்கு மூன்று பைட். உங்கள் ப்ளேயர் ஒவ்வொரு பைட்டையும் தனித்தனி ஐரோப்பிய எழுத்தாக எடுத்துக்கொள்கிறது, அதனால்தான் அந்த 'ஏ'யும் 'ஆரும்'. எல்லாக் கோப்பையும் 2.3 பதிப்புக்கு, யூடிஎஃப்-16 என்ற இன்னொரு குறியீட்டு முறைக்கு மாற்றினேன். எழுத்து வந்தது. தமிழ் வந்ததா என்றால், அது வேறு கதை.

எல்லா மொழி எழுத்துக்கும் பொதுவான யூனிகோடு குறியீட்டில் 'மே' என்று எழுதினால் 'ம' முதலிலும் இரட்டைக்கொம்பு அதற்கு அப்புறமும் சேமிக்கப்படும். திரையில் வரையும்போது கொம்பை எடுத்து 'ம'வுக்கு முன்னால் வைப்பது மென்பொருளின் வேலை. உங்கள் மென்பொருள் அந்த வேலையைச் செய்வதில்லை. வந்த வரிசையிலேயே நிறுத்தி வைக்கிறது. அதனால் கொம்பு அடுத்த எழுத்தோடு போய் ஒட்டிக்கொள்கிறது. 'மேகம் திருடிய குருவி' என்ற கதை 'மகேம் திருடிய குருவி' ஆகிவிட்டது. 'கேசட் 6' என்பது 'கசேட் 6'. 28 கோப்பிலும் கசேட், கசேட், கசேட்.

அப்பா ஓய்வுபெற்ற தமிழாசிரியர். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு ப்ளேயரை மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோய்க் கொஞ்ச நேரம் பார்த்தார். அப்புறம் என்னிடம் நீட்டி, "ஏம்மா, இருபத்தெட்டு இடத்துல ஒரே தப்பைப் பண்ணியிருக்கியே, அடிச்சதுக்கு அப்புறம் ஒரு தடவை படிச்சுப் பாக்கறதில்லையா?" என்றார். அது என் தப்பு இல்லை, ப்ளேயரின் தப்பு என்று போனில் அதே கோப்பைத் திறந்து காட்டியும் அவர் முழுசாக நம்பினாரா என்று எனக்கு இன்னும் சந்தேகம்தான். தமிழ் வாத்தியார் வீட்டில் இப்படி ஒரு பெயர் வாங்கிக் கொடுத்ததற்கு உங்களை எதில் சேர்ப்பது என்று தெரியவில்லை.

ஆனால் மெனுவில் மட்டும் கொம்பெல்லாம் ஒழுங்காக நிற்கிறது. மெனுச் சொற்களைப் படமாகவே செய்து ஒட்டிவிட்டீர்கள் போலிருக்கிறது. எழுத்து சரி, சொல்தான் வேடிக்கை. ப்ளே என்பதற்கு 'விளையாடு'. ஒலி அளவுக்கு 'தொகுதி'. கேபிளைச் செருகியதும் திரை முழுக்க 'கட்டணம் வசூலிக்கப்படுகிறது' என்று வந்ததைப் பார்த்து அப்பா பதறிப்போய்ப் பிடுங்கிவிட்டார், பாட்டு கேட்கக்கூடக் காசு பிடிக்கிறார்களோ என்று. தமிழ் தெரிந்த ஒரே ஒரு ஆள் பத்து நிமிடம் இந்த மெனுவைப் பார்த்திருந்தால் இது வெளியே வந்திருக்காது. இதற்குப் பதில் ஆங்கிலத்திலேயே விட்டிருக்கலாம், குறைந்தது பயமாவது இருந்திருக்காது.

அடுத்தது வரிசை. மூன்றாவது கேசட்டின் இரண்டாம் பக்கத்தில் டேப் சிக்கியிருந்தது, அதைச் சரிசெய்து பதிய நாளானது, ஆகவே அந்தக் கோப்பை மட்டும் கடைசியில் சேர்த்தேன். ப்ளேயரும் அதைக் கடைசியில்தான் பாடுகிறது. பெயரின் முன்னால் 01, 02 என்று எண் போட்டிருந்தும் பயனில்லை. ஃபேட் முறையில் கோப்புகள் பதிந்த வரிசையில்தான் பட்டியலில் உட்காரும், பெயரைப் பார்த்து அடுக்கிக் கொடுப்பது ப்ளேயரின் பொறுப்பு. அதையும் நானே செய்தேன்: எல்லாவற்றையும் அழித்துவிட்டு, ஒவ்வொன்றாக, வரிசையாக, மறுபடி ஏற்றினேன். இனி ஒரு கதை கிடைத்து நடுவில் சேர்க்க வேண்டும் என்றால் மறுபடி முதலிலிருந்து.

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்வேன், ஏனென்றால் இவை ஒரு தடவை மல்லுக்கட்டினால் முடிந்துபோகிற வேலை. தினமும் உயிரை வாங்குவது நிறுத்திய இடம் மறந்துபோவதுதான். 45 நிமிடக் கதையை யாரும் ஒரே மூச்சில் கேட்க மாட்டார்கள், அதுவும் அப்பா மாதிரி பாதியில் கண்ணயர்ந்துவிடுகிறவர்கள். மெனுவில் இதற்கு ஒரு வசதி இருக்கிறது. அதன் பெயர் 'தன்விவரக் குறிப்பு'. வேலைக்கு விண்ணப்பிக்கிற சமாச்சாரம் என்று நினைத்து இரண்டு நாள் அந்தப் பக்கமே போகவில்லை, அப்புறம்தான் ரெஸ்யூம் என்ற சொல்லை அப்படி மொழிபெயர்த்திருக்கிறார்கள் என்று உறைத்தது. அதை ஆன் செய்து வைத்தாலும், நாமே பட்டனை அழுத்தி அணைத்தால் மட்டும்தான் இடம் நினைவில் நிற்கிறது. நிறுத்தி வைத்துப் பத்து நிமிடம் ஆனதும் அதுவாகவே அணைந்தால் எல்லாம் போச்சு, மறுபடி முதல் கேசட், முதல் பக்கம், முதல் நொடி. தூங்கிப்போகிறவர் எப்படி பட்டனை அழுத்தி அணைப்பார்?

இதற்கு அப்பாவே ஒரு வழி கண்டுபிடித்தார். ஒரு துண்டுக் காகிதத்தில் 'கேசட் 6, பக்கம் 2, நிமிடம் 31' என்று பென்சிலால் எழுதி, ரப்பர் பேண்டு போட்டு ப்ளேயரின் முதுகில் கட்டி வைத்திருக்கிறார். காலையில் அதைப் பார்த்து, அந்த இடம் வரும்வரை முன்னே தள்ளும் பட்டனைப் பெருவிரலால் அமுக்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். கொஞ்சம் தாண்டிப் போய்விட்டால் பின்னால் இழுப்பார், அது இன்னும் கொஞ்சம் பின்னால் போய்விடும். டேப் ரெக்கார்டர் காலத்தில்கூட இந்தக் கஷ்டம் இல்லை. நிறுத்திய இடத்திலேயே டேப் நிற்கும், கரண்ட் போனாலும் நிற்கும்.

சார்ஜ் விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். பெட்டியில் வந்த கேபிளின் ஒரு முனை பழைய அகல யூஎஸ்பி, அதில் ஏறுகிறது. இரண்டு முனையும் சி டைப்பாக உள்ள கேபிளில், மூன்று சார்ஜரில் போட்டுப் பார்த்துவிட்டேன், அசையவே இல்லை. "கேபிளை மாற்றவும்" என்பீர்கள். கேபிளில் ஒன்றும் இல்லை, அதே கேபிளில் என் போன் ஏறுகிறது. அகல முனையில் 5 வோல்ட் எப்போதும் வந்துகொண்டே இருக்கும். இரண்டு பக்கமும் சி டைப் என்றால், எதிரே இருக்கும் சாதனத்தில் 5.1 கிலோஓம் ரெசிஸ்டர் (மின்தடை) தட்டுப்பட்டால்தான் சார்ஜர் மின்சாரத்தைத் திறந்துவிடும். அந்த ரெசிஸ்டரை நீங்கள் வைக்கவில்லை என்றுதான் நினைக்கிறேன். அரிசிமணியைவிடச் சின்னப் பொருள். வைக்காவிட்டால் போகிறது, "எங்கள் கேபிளில் மட்டும்தான் ஏறும்" என்றாவது அட்டையில் போடுங்கள்.

உங்கள் சேவை எண்ணுக்கும் பேசினேன். எடுத்த பெண் நல்லவர், முழுக்கக் கேட்டார், நடுவில் 'கசேட்' கதைக்குச் சிரித்தும்விட்டார். கடைசியில், "மேடம், நீங்க சொல்றது எனக்கு நல்லாப் புரியுது, ஆனா என் ஸ்க்ரீன்ல இதுக்கு ஒரு ஆப்ஷனே இல்ல, 'மற்றவை'ன்னு போட்டு அனுப்பறேன்" என்றார். 'மற்றவை'யில் விழுந்த புகாருக்கு வந்த பதில்தான் நான்காவது ரீசெட். அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை.

எனக்கு வேண்டியது இதுதான். நிறுத்திய இடத்தை எப்படி அணைந்தாலும் நினைவில் வைக்கிற, கோப்புகளைப் பெயர்ப்படி அடுக்குகிற, தமிழைத் தமிழாகக் காட்டுகிற ஃபர்ம்வேர் எப்போது வரும் என்று ஒரு தேதி சொல்லுங்கள். இப்போது இருக்கும் கடைசிப் பதிப்பைப் போட்டுப் பார்த்தாயிற்று, எதுவும் மாறவில்லை. மூன்றும் ஒரே சமயத்தில் முடியாது என்றால் நிறுத்திய இடத்தை முதலில் சரிசெய்யுங்கள், கசேட்டோடு நாங்கள் இன்னும் கொஞ்ச நாள் குடும்பம் நடத்துகிறோம். தேதி சொல்ல முடியாது என்றால் 15 நாளுக்குள் முழுப் பணத்தையும் திருப்பித் தாருங்கள். செய்யவில்லை என்றால் நுகர்வோர் குறைதீர் அமைப்பில் முறையிடுவேன். உங்கள் அட்டையின் பின்பக்கப் படமும், உங்கள் நான்கு பதில்களும் அதற்காகவே எடுத்து வைத்திருக்கிறேன். அவற்றின் பிரதியோடு திரையின் படங்களும், ரசீதும், சீரியல் எண்ணும் இத்துடன் இணைத்திருக்கிறேன்.

பொருளைத் திரும்ப எடுத்துப்போக ஆள் அனுப்புவதாக இருந்தால் ஒரு நாள் முன்னதாகச் சொல்லுங்கள். திடீரென்று வந்து வாங்கிப் போக முடியாது. அப்பா ஆறாவது கேசட்டில் பாதியில் இருக்கிறார், அந்தப் பக்கத்தையாவது முடித்துவிட்டுத்தான் தருவார்.

இப்படிக்கு,
'மற்றவை'யில் இருக்கும் உங்கள் வாடிக்கையாளர்