ஞாயிறு காலை கோவளம்: சின்ன அலை, நல்ல அலை

நண்பர்களே, வணக்கம். நீளப் பலகையில் நின்று துடுப்புப் போட்டு அலையேற, ஞாயிறு காலை 5.30 மணிக்குக் கோவளம் கடற்கரையில் கூடுகிறோம். அலை முழங்கால் உயரம்தான் இருக்கும் போலிருக்கிறது. இதைக் கேட்டதும் குட்டைப் பலகையில் அலைச்சறுக்கு ஆடுபவர்கள் போர்வையை இழுத்து மூடிக்கொள்வார்கள். நின்றபடி துடுப்புப் போடும் நமக்கு இதுதான் விருந்து. நம் பலகை நீளமானது, மிதப்பும் அதிகம். சோம்பேறி அலைகூட அதைத் தூக்கிக்கொண்டு போகும்.

நேரம் தவறாதீர்கள். விடியலில் தரைக்காற்று நீரை வழவழப்பாக வைத்திருக்கும். வெயில் ஏறிக் கடற்காற்று கிளம்பிவிட்டால் நிற்பதே பாடு.

பலகையைக் காலோடு பிணைக்கும் கணுக்கால் கயிறு இல்லாமல் யாரும் இறங்க வேண்டாம். துடுப்பின் தட்டை முனை முன்பக்கம் சாய்ந்திருக்க வேண்டும். போன முறை நான் அதைத் திருப்பிப் பிடித்துக்கொண்டு, நீரோட்டம் பலம் என்று அரை மணி நேரம் புலம்பினேன். அலை பின்னால் வந்ததும் முழங்காலை மடக்கி, ஒரு காலைப் பின்னுக்கு நகர்த்துங்கள்; இல்லையென்றால் மூக்கு குத்தும் (பலகையின் மூக்கு, பிறகு உங்களுடையது).

மீனவர் படகுகள் கரை திரும்பும் நேரம் அது. வழி அவர்களுடையது, நாம்தான் ஒதுங்க வேண்டும்.

பலகை வேண்டுவோர் சனி மதியத்துக்குள் இங்கே சொல்லிவிடுங்கள். தேநீர் என் செலவு.