லைப்ரரியை நீக்குங்கள், ஆனால் அவசரப்படாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

கிரிப்டோ மைனிங் (கணினியால் கணக்குப் போட்டு பிட்கொயின் போன்ற நாணயங்களைத் தோண்டுவது) மென்பொருள்கள் பற்றி உங்கள் தொழில்நுட்பப் பக்கத்தில் வந்த கட்டுரை, தேவையற்ற லைப்ரரிகளை (பிறர் எழுதி வைத்ததை நம் புரோகிராமில் சேர்த்துக்கொள்ளும் ஆயத்தக் கோட்டுகளை) உடனே வெட்டி எறியும்படி இளம் நிரலாளர்களுக்குச் சொல்கிறது. வெட்டச் சொன்னதில் எனக்குச் சண்டை இல்லை. அவசரம்தான் இடிக்கிறது.

வெளிநாட்டு மைனிங் கூடங்களில் ஓடும் ஒரு புரோகிராமை கொள்ளுப்பிட்டிக் கந்தோரில் இருந்து பராமரிப்பது என் தொழில். (நான் மைனிங் செய்வதில்லை. கொழும்பு மின்கட்டண பில்லைக் கையில் வாங்கியவர்களுக்குக் காரணம் சொல்லத் தேவையில்லை.) அதில், இணையம் வழியே தரவை அனுப்பிப் பெற உதவும் லிப்கர்ல் என்ற லைப்ரரி இருந்தது. பூலிடம் (பலர் சேர்ந்து தோண்டும் குழுவின் சர்வரிடம்) பழைய கெட்வேர்க் முறையில் வேலை வாங்குவதற்காகச் சேர்த்தது. இப்போது பூல்கள் பேசுவது ஸ்ட்ராட்டம் என்ற வேறு முறையில். சரி, எடுத்துவிடலாம் என்றுதான் எவருக்கும் தோன்றும். ஆனால் ப்ராக்ஸி (இடையில் நிற்கும் கணினி) வழியாக பூலுக்குப் போகிற இணைப்பும் அதே லிப்கர்லில்தான் தொங்கிக்கொண்டிருந்தது. அந்த வழியை நாங்களே எழுதிச் சேர்த்தோம், கட்டளை வரியின் பழைய தெரிவுகளை அப்படியே விட்டோம், அப்புறம்தான் லைப்ரரியை எடுத்தோம். கூடக்காரர்களின் ஸ்கிரிப்ட்டில் ஒரு வரிகூட மாறவில்லை.

கோட்டில் எங்கே அழைக்கப்படுகிறது என்று தேடினால் மட்டும் போதாது என்பதற்கு 2013 மார்ச்சில் பிட்கொயினில் நடந்ததே சாட்சி. பிட்கொயின் மென்பொருளின் 0.8 பதிப்பு, பிளாக்செயின் பதிவுகளுக்கு பேர்க்லி டிபி என்ற தரவுத்தள லைப்ரரியை விட்டுவிட்டு லெவல்டிபி என்ற இன்னொன்றுக்கு மாறியது. வேகம் கூடியது, எல்லோருக்கும் சந்தோஷம். ஆனால் பேர்க்லி டிபியில் ஒரே நேரத்தில் போடக்கூடிய பூட்டுகளுக்கு (ஒரு பதிவை மாற்றும்போது வேறொன்று குறுக்கிடாமல் தடுப்பவை) ஓர் எல்லை இருந்தது. அதை எவரும் விதியாக எழுதி வைக்கவில்லை. 225,430ஆம் எண்ணில் ஒரு பெரிய பிளாக் (பரிவர்த்தனைகளின் தொகுப்பு) வந்ததும் 0.8 ஏற்றுக்கொண்டது, பழைய 0.7 கணினிகளில் பல திணறி நிராகரித்தன. சங்கிலி இரண்டாகப் பிரிந்தது. பெரிய பூல்கள் 0.7க்கே திரும்ப வேண்டியதாயிற்று. புதிய பதிப்பில் தோண்டிய 24 பிளாக்குகள் வீணாயின, அன்று ஒரு பிளாக்குக்குச் சன்மானம் 25 பிட்கொயின். அடுத்து வந்த 0.8.1, எல்லோரும் மாறுவதற்கு மே 15 வரை அவகாசம் கொடுத்து, பழைய தரவுத்தளத்தின் குறைக்கு ஏற்றபடி தானாகவே பெரிய பிளாக்குகளைத் தவிர்த்தது! ஒத்திசைவு என்றால் சில வேளை குறையையும் சேர்த்துச் சுமப்பதுதான்.

பிட்கொயின் நிரலாளர்கள், பரிவர்த்தனைக் கையொப்பங்களைச் சரிபார்த்த ஓப்பன்எஸ்எஸ்எல் என்ற குறியாக்க லைப்ரரியை நீக்கும்போது இந்தப் பாடம் நினைவிருந்திருக்கிறது. கையொப்பம் எந்த வடிவில் இருக்கவேண்டும் என்பது 2015இலேயே பிணைய விதியாகிவிட்டது. 2016இல் சரிபார்ப்பு வேலை சொந்த லைப்ரரிக்குப் போனது. முழுதாக விடை கொடுத்தது 2020இல்.

மெதுவாகச் செய்யுங்கள் என்றால் செய்யாமல் விடுங்கள் என்று அர்த்தமல்ல. 2024இல், கோப்புகளைச் சுருக்கும் எக்ஸ்இசட் லைப்ரரியில் எவரோ பின்கதவு (ரகசிய நுழைவழி) வைத்தபோது, அது, தூரத்துக் கணினியில் நுழைய உதவும் எஸ்எஸ்எச் வரை எட்டியது இடையில் இன்னொரு லைப்ரரி இழுத்துக்கொண்டு வந்ததால்தான். எஸ்எஸ்எச்சுக்கு எக்ஸ்இசட் தேவையே இல்லை.

வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி வகுப்புகளில் லைப்ரரியைச் சேர்க்கச் சொல்லிக் கொடுக்கிறார்கள். கழற்றச் சொல்லிக் கொடுப்பதை நான் கண்டதில்லை. 2013 சம்பவத்தை பிஐபி 50 என்ற பிட்கொயின் ஆவணம் விவரமாகச் சொல்கிறது, இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. உங்கள் கட்டுரையாளர் அதை அடுத்த வாரம் தமிழில் எழுதினால் நல்லது. நேரமில்லை என்றால் நான் எழுதித் தருகிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
கொழும்பு-06