ஆண்டு விழா நுழைவுச்சீட்டு: தாளிலா, கைப்பேசியிலா?

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம். நம் பள்ளியின் ஆண்டு விழா இந்த மாதக் கடைசி சனிக்கிழமை மாலை 4 மணிக்கு நடக்கிறது. அரங்கில் இடம் குறைவு என்பதால் இந்த முறை நுழைவுச்சீட்டு வைத்திருக்கிறோம். காசு எதுவும் இல்லை. ஒரு பிள்ளைக்கு மூன்று பேர் வரலாம். சீட்டை அச்சடித்துத் தருவதா, கைப்பேசிக்கு அனுப்புவதா என்று பெற்றோர் ஆசிரியர் கழகக் கூட்டத்தில் நெடுநேரம் பேசினோம். வேலை நாள் என்பதால் உங்களில் பலர் அன்று வர முடியவில்லை. அதனால் முடிவையும் அதன் காரணத்தையும் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

எல்லா வீட்டுக்கும் தாள் சீட்டு வரும், கேட்காமலே வரும். கைப்பேசியில் வேண்டும் என்பவர்கள் எழுதிக் கொடுத்தால் தாளுக்குப் பதிலாக அதில் அனுப்புவோம். இரண்டுக்கும் ஒரே மதிப்பு, ஒரே வரிசை.

"இந்தக் காலத்தில் யாரிடம் போன் இல்லை? எல்லாவற்றையும் அதிலேயே வைத்துவிடலாமே" என்று கூட்டத்தில் சிலர் கேட்டார்கள். போன் இருக்கிறது, உண்மைதான். ஆனால் நம் பிள்ளைகள் பலர் வீட்டில் டச் போன் ஒன்றுதான் இருக்கிறது. கேரட் லோடு ஏற்றிக்கொண்டு மேட்டுப்பாளையம் மண்டிக்குப் போகும் அப்பா அதைக் கையோடு கொண்டுபோய்விடுவார். விழாவுக்கு வருவது, எஸ்டேட்டில் கொழுந்து எடை போட்டுவிட்டு அவசரமாக முகம் கழுவிப் புறப்படும் அம்மாவும், கூடவே பாட்டியும். அவர்களிடம் இருப்பது பட்டன் போன். அதில் சீட்டு எப்படி வரும்? மேடையில் பிள்ளை ஆடும் நேரத்தில் அம்மா வாசலில் நின்று அப்பாவுக்குப் போன் போட்டுக்கொண்டிருக்கும்படி நம் பள்ளியில் நடக்கக் கூடாது. எனக்கு மற்ற எல்லாக் காரணங்களையும்விட இது பெரிது.

அப்புறம் நம் மலையின் குளிர். ஜனவரி மாலையில் ஊட்டியில் வெயில் இறங்கியதும் எப்படி இருக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கைப்பேசியில் இருக்கும் லித்தியம் அயனி பேட்டரி குளிரில் மந்தமாகிவிடும். உள்ளே நடக்கும் வேதிவினை வேகம் குறைவதால், 20 சதவீதம் சார்ஜ் காட்டிய போன்கூட, அதிலும் பழைய போன், சட்டென்று அணைந்துபோவது உண்டு. வெதுவெதுப்பான இடத்துக்கு வந்ததும் மறுபடி உயிர் வரும். ஆனால் வாசலில் நிற்கிறவருக்கு அதனால் என்ன பயன்? போனை வெளியே நீட்டியபடி வராமல் ஸ்வெட்டருக்கு உள்ளே வைத்து வாருங்கள்.

டவர் விஷயமும் அப்படித்தான். மஞ்சூர், எமரால்டு பக்கத்திலிருந்து வருகிறவர்களுக்கு வளைவுக்கு வளைவு டவர் போய்விடும் என்பது தெரியும். ஆனால் டவர் நன்றாக இருக்கும் ஊரிலும் கூட்டம் சேர்ந்தால் சிக்கல்தான். சென்ற ஆண்டு நம் மாணவர்களை ஒரு கலைப்போட்டிக்குக் கீழே அழைத்துப் போயிருந்தோம். அங்கே இணையத்தில் திறக்கும் சீட்டு மட்டும்தான் வைத்திருந்தார்கள். ஒரே நேரத்தில் அத்தனை பேரும் வாசலில் போனைத் திறந்ததும் யாருக்கும் பக்கம் திறக்கவில்லை. வெள்ளைத் திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. நம் பிள்ளைகளின் பெற்றோர் சிலர் உள்ளே வந்தபோது முதல் நாட்டியம் முடிந்துவிட்டது.

எனவே நாம் அனுப்பும் கைப்பேசிச் சீட்டு இணையத்தில் திறக்கும் லிங்க்காக வராது, படமாகவே வரும். வீட்டிலேயே கேலரியில் சேமித்துக்கொண்டால் போதும், வாசலில் டேட்டா தேவையில்லை. ரயில்வே செயலியில் எடுக்கும் முன்பதிவில்லாத டிக்கெட்டுக்கு ஸ்கிரீன்ஷாட் செல்லாது, செயலியைத் திறந்துதான் காட்ட வேண்டும் என்பதால் சிலருக்கு இதில் குழப்பம் இருந்தது. நம் சீட்டுக்கு அந்த விதி கிடையாது. ஸ்கிரீன்ஷாட்டையே காட்டலாம்.

ஆனால் இதே வசதியில் ஒரு ஆபத்தும் இருக்கிறது. இந்தப் பத்தியைத் தயவுசெய்து வீட்டில் எல்லோருக்கும் படித்துக் காட்டுங்கள். ஒவ்வொரு சீட்டிலும் கறுப்புக் கட்டங்களாக ஒரு க்யூஆர் கோடு இருக்கும். அதற்குள் அந்தச் சீட்டின் எண் மட்டுமே இருக்கிறது. யார் கொண்டுவந்தார்கள் என்பது வாசலில் அதைப் படிக்கும் கருவிக்குத் தெரியாது. முதலில் காட்டியவர் உள்ளே போவார், அதே எண்ணோடு அடுத்து வருபவருக்குச் சிவப்பு விளக்கு எரியும். மகள் ஆடப்போகிற சந்தோஷத்தில் சீட்டைப் படம் எடுத்து வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போட்டால், அதைப் பார்க்கிற யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொண்டு வரலாம். அப்படியானால் சிவப்பு விளக்கு உங்களுக்குத்தான் எரியும். சந்தோஷத்தைச் சொல்லுங்கள், படம் வேண்டாம். தாள் சீட்டுக்கும் இது பொருந்தும். ஒரே எண் இரண்டு முறை வராமல் பார்க்கத்தான் இந்த முறை ஒரே வாசல், ஒரே கருவி வைத்திருக்கிறோம். வரிசை சற்று மெதுவாகத்தான் நகரும். 3.15-க்கே வாசல் திறந்துவிடுவோம், முன்னதாக வந்துவிடுங்கள்.

தாள் கசங்கிவிட்டால், ஈரமாகிவிட்டால் என்ன செய்வது என்று ஒரு தாய் கேட்டார். கவலை வேண்டாம். 1994-இல் ஜப்பானில் கார் உதிரிபாகங்களைக் கணக்கு வைப்பதற்காக உருவாக்கிய முறைதான் க்யூஆர் கோடு. தொழிற்சாலையில் எண்ணெயும் அழுக்கும் படும் என்று தெரிந்தே அமைத்திருக்கிறார்கள். கொஞ்சம் சேதமானாலும் சீட்டின் எண்ணைத் திருப்பிக் கண்டுபிடிக்கும்படி கூடுதல் தகவலும் அதற்குள்ளேயே வைக்கிறார்கள். மிக உயர்ந்த தரத்தில் அச்சிட்டால் சுமார் 30 சதவீதம் வரை சேதமானாலும் படிக்க முடியும். அந்தத் தரத்தில்தான் அச்சிடுகிறோம். மூன்று மூலைகளில் இருக்கும் பெரிய சதுரங்கள் மட்டும் கிழியாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பாட்டி சுருக்குப் பையில் நான்காக மடித்து வெற்றிலையோடு வைத்துக்கொண்டு வந்தாலும் கருவி படித்துவிடும், நானே அலுவலகத்தில் மடித்துப் பார்த்தேன். லேமினேட் மட்டும் செய்ய வேண்டாம். டியூப் லைட் வெளிச்சம் அதில் பட்டுக் கூசினால் கருவிக்குத் தெரியாது. நம் மலையில் பிளாஸ்டிக்கைக் குறைக்க இத்தனை ஆண்டுகளாகப் பாடுபடுகிறோம், ஒரு மாலைச் சீட்டுக்கு அது எதற்கு?

தாள் வீணாகிறதே என்றும் ஒருவர் சொன்னார். சரியான கவலைதான். ஒரு ஏ4 தாளில் எட்டுச் சீட்டு வரும்படி சிறியதாக அமைத்திருக்கிறோம். கைப்பேசியில் வசதியாக வர முடிகிறவர்கள் அதைத் தேர்ந்தெடுத்தால் அந்த அளவு தாளும் மிச்சம். கோவையிலும் திருப்பூரிலும் வேலை பார்த்துவிட்டு நேராக விழாவுக்கு வருகிற பெற்றோருக்குக் கைப்பேசிச் சீட்டே நல்லது. வீட்டில் இருக்கும் தாளை எடுக்க அவர்கள் முதலில் வீட்டுக்குப் போக வேண்டியதில்லை.

அப்படிச் சொந்த வாகனத்தில் கீழிருந்து வரும் உறவினர்களுக்கு ஒரு நினைவூட்டல். உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7 முதல் வெளியூர் வாகனங்கள் நீலகிரிக்குள் வர இ-பாஸ் வேண்டும். அது வேறு, நம் சீட்டு வேறு. பள்ளிச் சீட்டைச் சோதனைச் சாவடியில் காட்டிப் பயனில்லை. அரசுப் பேருந்தில் வந்தால் இ-பாஸ் தேவையில்லை.

தாளும் தொலைந்து போனும் அணைந்துவிட்டால்? திரும்பிப் போக வேண்டாம். பெயர்ப் பட்டியலை அச்சிட்டு வாசலில் வைத்திருப்போம், வகுப்பாசிரியர்களும் பக்கத்திலேயே நிற்பார்கள். பிள்ளையின் பெயரும் வகுப்பும் சொன்னால் போதும், பழைய எண்ணை நீக்கிவிட்டு உள்ளே அனுப்புவார்கள். கட்டண பாக்கி, வருகைக் குறைவு என்று எதையும் காட்டி யாருக்கும் சீட்டை நிறுத்த மாட்டோம்.

கைப்பேசிச் சீட்டு வேண்டுபவர்கள் மட்டும் கீழே உள்ள துண்டில் வாட்ஸ்அப் எண்ணை எழுதி, கையெழுத்திட்டு, வரும் புதன்கிழமைக்குள் வகுப்பாசிரியரிடம் கொடுத்தனுப்புங்கள். மற்ற எல்லோருக்கும் வெள்ளிக்கிழமை பிள்ளையின் டைரிக்குள் தாள் சீட்டு வரும். அன்று மாலை டைரியைத் திறந்து பாருங்கள்.

அன்புடன்,
தலைமையாசிரியர்