புது ஷூ கடிப்பது பற்றி எங்கள் வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

தர்மபுரியில் நம் கடையில் வாங்கிய ரன்னிங் ஷூ இரண்டே நாளில் குதிகாலைக் கொப்புளமாக்கிவிட்டது, சரக்கே டூப்ளிகேட் என்று ஒரு ஆடியோ வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றிக்கொண்டிருப்பது உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். அரூர், பாலக்கோடு பக்கமிருந்து வருகிறவர்கள்கூட ஷூவைக் கையில் எடுத்ததும் அதைப் பற்றித்தான் கேட்கிறார்கள். அதனால் இந்த மடல்.

பேசிய தம்பி போலீஸ் உடல்தகுதித் தேர்வுக்கு ஓடிப் பழகுகிறவர். 1500 மீட்டரை 7 நிமிடத்துக்குள் முடிக்க வேண்டிய நேரத்தில் காலை ஊன்ற முடியாமல் போனால் யாருக்கும் கோபம் வரத்தான் செய்யும். அவர் வலியை நாங்கள் மறுக்கவில்லை. ஆனால் டூப்ளிகேட் என்று சொன்னதை எங்களால் ஜீரணிக்க முடியவில்லை. ஒவ்வொரு ஜோடியும் கம்பெனி விநியோகஸ்தரிடமிருந்து ஜிஎஸ்டி பில்லோடு வருகிறது. பெட்டியின் ஓரத்தில் உள்ள ஸ்டிக்கரையும், ஷூவின் நாக்குக்கு உள்பக்கம் இருக்கும் லேபிளையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மாடல் எண்ணும் சைஸும் ஒன்றாக இருக்கும். கேட்டால் கொள்முதல் பில்லையே எடுத்துக் காட்டுகிறோம், நீங்கள் கேட்காவிட்டாலும் காட்டத் தயார். ஒத்துப்போகாத ஒரு ஜோடியை எங்கள் அலமாரியில் கண்டுபிடித்துக் கொடுத்தால் அதை விற்கவே மாட்டோம். இதற்கு மேல் ஒரு கடைக்காரர் எப்படி நிரூபிப்பது என்று தெரியவில்லை.

கொப்புளத்துக்கும் ஒரிஜினலா, டூப்ளிகேட்டா என்பதற்கும் சம்பந்தம் குறைவு. பத்தாயிரம் ரூபாய் ஷூவும் கடிக்கும். ஓடும்போது காலுக்குள் எலும்பு முன்னும் பின்னும் நகர்கிறது. மேல்தோல் சாக்ஸோடு ஒட்டி நின்றுவிடுகிறது. இந்த இழுபறியில் தோலின் அடுக்குகளுக்கு நடுவே பிளவு விழுந்து அங்கே நீர் கோத்துக்கொள்கிறது. வியர்வையில் ஊறிய தோல் இன்னும் சீக்கிரம் மாட்டிக்கொள்ளும். நம் ஊர் ஏப்ரல், மே வெயிலில் சொல்லவே வேண்டாம்.

எங்கே கொப்புளம் என்று பார்த்தாலே காரணம் பாதி தெரிந்துவிடும். குதிகால் என்றால் பெரும்பாலும் ஷூ பின்பக்கம் தளர்வாக இருந்து, அடிக்கு அடி கால் மேலே எழும்புகிறது. விரல் நுனி என்றால் நீளம் போதவில்லை. உள்ளங்கால் என்றால் ஈரத்தையும் சாக்ஸையும் கவனியுங்கள்.

அப்புறம், 'போடப் போடச் சரியாகிவிடும்' என்பது தோல் செருப்புக்குப் பொருந்தும். அதற்குத் தேங்காய் எண்ணெய் தடவி வைப்பதும் நம் வீடுகளில் வழக்கம்தான். ரன்னிங் ஷூவின் மேல்பகுதி துணி. அது அவ்வளவாக விரியாது, எண்ணெய் விட்டால் கறைதான் படியும். கடையில் போடும்போதே இறுக்கினால் மைதானத்திலும் இறுக்கும். கூச்சப்படாமல் சொல்லுங்கள், இன்னொரு பெட்டியைப் பிரிக்க எங்களுக்கு எந்தச் சிரமமும் இல்லை.

ஷூ வாங்க சாயங்காலம் வாருங்கள், அந்த நேரத்தில் கால் சற்று வீங்கியிருக்கும். இரண்டு காலையும் அளப்போம். பெரும்பாலோருக்கு ஒன்று கொஞ்சம் பெரிது, அதற்குத்தான் சைஸ் எடுக்க வேண்டும். நின்றபடி பார்த்தால் நீள விரலுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் இடம் இருக்க வேண்டும். ஒரு கம்பெனியின் 8 இன்னொரு கம்பெனியில் இறுக்கமாக இருக்கலாம், எண்ணை மட்டும் நம்பாதீர்கள். குதிகால் எழும்பினால் மேலே காலியாக விட்டிருக்கும் கடைசி ஓட்டையிலும் லேஸைக் கோத்து இழுத்துக் கட்டும் முறையைக் கவுன்டரிலேயே காட்டித் தருகிறோம். பருத்திச் சாக்ஸ் வியர்வையைக் குடித்து ஈரமாகவே இருக்கும். ஓடுவதற்குப் பாலியஸ்டர், நைலான் கலந்தது நல்லது. முதலில் வீட்டுக்குள் போட்டு நடங்கள், பிறகு மைதானத்தில் ஒரு சுற்று, இரண்டு சுற்று. வாங்கிய மறுநாளே ஐந்து கிலோமீட்டர் வேண்டாம். வழக்கமாக உரசும் இடத்தில் மருந்துக்கடையில் கிடைக்கும் மைக்ரோபோர் பேப்பர் டேப்பை ஒட்டிக்கொண்டு ஓடலாம், அல்லது கொஞ்சம் வாசலின் தடவலாம். ஓடும்போது ஒரு இடம் சுள்ளென்று சூடாவது தெரிந்தால் அங்கேயே நின்றுவிடுங்கள். அது கொப்புளமாகப் போகிற இடம்.

சரி, கொப்புளம் வந்தேவிட்டது என்றால்? சின்னதாக இருந்தால் உடைக்காமல் பிளாஸ்திரி போட்டு விடுங்கள், நீர் தானாக வற்றிவிடும். பெரிதாகி நடக்க முடியவில்லை என்றால் சோப்புப் போட்டுக் கழுவி, ஸ்பிரிட்டில் துடைத்த ஊசியால் ஓரத்தில் குத்தி நீரை மட்டும் வெளியேற்றுங்கள். மேல்தோலை உரிக்கவே கூடாது, உள்ளே இருக்கும் புண்ணுக்கு அதுதான் மூடி. வாசலின் தடவிச் சுத்தமான துணி வைத்துக் கட்டுங்கள். டூத்பேஸ்ட் தடவுவது, கொப்புளத்துக்குள் நூல் கோத்து விடுவது எல்லாம் வேண்டாம். சுற்றிச் சிவந்து சூடாக இருந்தாலோ, சீழ் வைத்தாலோ, காய்ச்சல் வந்தாலோ டாக்டரிடம் போங்கள். சர்க்கரை நோய் உள்ளவர்கள் எவ்வளவு சின்னக் கொப்புளம் என்றாலும் ஊசியைத் தொடாதீர்கள், நேராக டாக்டர்தான்.

பில்லோடு ஏழு நாட்களுக்குள் வந்தால் சைஸ் மாற்றித் தருவது வழக்கம்போலத் தொடரும். வெளியே போட்டு ஓடிய ஷூவை மட்டும் இனி திரும்ப எடுக்க இயலாது.

ஆடியோவைக் கேட்ட பிறகும் நேரில் வந்து, 'என்ன நடந்தது?' என்று எங்களிடமே விசாரித்த ஒவ்வொருவருக்கும் மனமார்ந்த நன்றி. அப்பா வாங்கிய கடை என்று மகனைக் கூட்டிவருகிற குடும்பங்கள் இருக்கின்றன. தங்கள் மாணவர்களை மொத்தமாக இங்கே அனுப்பிவைக்கிற பயிற்சியாளர்கள் இருக்கிறார்கள். உங்கள் நம்பிக்கையில்தான் இந்த ஷட்டர் தினமும் திறக்கிறது. அந்தத் தம்பியும் வரட்டும். அவர் காலை நாங்களே அளந்து, லேஸ் கட்டிக் காட்டுகிறோம்.

வரும்போது, ஓடும்போது போடும் சாக்ஸையே எடுத்து வாருங்கள். அதைப் போட்டுப் பார்த்தால்தான் அளவு சரியாகத் தெரியும்.

அன்புடன்,
கடை உரிமையாளர்,
தர்மபுரி